முன்னால் நிற்கும் காற்றாலை பின்னால் நிற்பதை என்ன செய்யும்? வாசகர் கேள்வி-பதில்

கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று தேனிப் பக்கம் இறங்கும் மாதங்களில் காற்றாலை பற்றிய கேள்விகள் நிறைய வரும். இம்முறை பெரும்பாலும் ஒரே விஷயம்: ஒரு மெஷினைக் கடந்த காற்று, அடுத்த மெஷினுக்கு என்ன செய்யும்?

எங்கள் பழைய 250 கிலோவாட் மெஷினுக்கு மேற்கே புதிதாக ஒரு பெரிய மெஷின் வந்துவிட்டது. "காற்று குறைந்தால் லோடும் குறையும், ஆயுள் கூடும்" என்கிறார்கள். சரியா? (ஆண்டிபட்டி வாசகர்)

பாதிதான் சரி. முன்னால் நிற்பது காற்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வதால் பின்னால் வேகம் குறையும். மெஷின் தாங்கும் சராசரி விசையும், அதாவது லோடும் குறையும். ஆனால் பிளேடும் போல்ட்டும் சராசரியால் கெடுவதில்லை. ஏறி ஏறி இறங்கும் லோடுதான் அவற்றைக் களைக்க வைக்கிறது. முன் மெஷினின் பிளேடு நுனிகளில் கிளம்பும் சுழல்கள் உடைந்து, பின்னால் வரும் காற்றைக் கலக்கிவிடுகின்றன. இதைத்தான் சைட்டில் 'வேக்' என்கிறார்கள்.

முழுதாக வேக்குக்குள் நிற்பதைவிடப் பாதி மாட்டுவதுதான் பல நேரம் மோசம். காற்று சற்றே திசை மாறினால், உங்கள் மெஷினின் ஒரு பக்கத்தில் மந்தக் காற்று, மறு பக்கத்தில் முழுக் காற்று. ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வேக்குக்குள் போய் வெளியே வரும். அதன் அடிப்பகுதி ஒருமுறை வளைந்து நிமிரும். சிறிய மெஷின் நிமிடத்துக்கு 40 முறை சுற்றினால், ஒரே நாளில் 57,600 முறை. போதாததற்கு, வேக் ஒரே கோட்டில் நிற்காது. பக்கவாட்டில் அலைந்துகொண்டே இருக்கும்.

லோடின் ஏற்ற இறக்கம் 10 சதவீதம் கூடினால் சேதமும் 10 சதவீதம்தானே கூடும்? (உசிலம்பட்டி, பொறியியல் மாணவி)

இல்லை. வடிவமைப்புக் கணக்கில் டவரின் எஃகுக்கு, லோடின் நான்காம் அடுக்கு அளவில் சேதம் கூடுவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். கண்ணாடி இழை பிளேடுக்குப் பத்தாம் அடுக்கு. 1.1-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 1.46. பத்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 2.6. அதாவது அதே 10 சதவீதத்துக்கு டவரின் சேதம் ஒன்றரை மடங்கு, பிளேடின் சேதம் இரண்டரை மடங்குக்கும் மேல். யூனிட் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்த்து இடம் தேர்வதை நான் ஏற்க மாட்டேன். யூனிட் இழப்பு மாதாமாதம் கணக்கில் தெரிந்துவிடும். பிளேடின் களைப்பு விரிசல் விடும்வரை கண்ணில் படாது.

7 விட்டம் இடைவெளி விட்டால் போதுமா? (தேனி)

காற்று வரும் திசையில் 7 விட்டம், குறுக்கே 5 விட்டம் என்பது நம் ஊரில் பழகிய கணக்கு. விட்டம் என்பது பிளேடுகள் சுற்றும் வட்டத்தின் விட்டம். யாருடைய விட்டம் என்பதுதான் கேள்வி. 30 மீட்டர் விட்ட மெஷினுக்கு 7 விட்டம் என்பது 210 மீட்டர். 110 மீட்டர் மெஷினுக்கு 770 மீட்டர். வேக்கை உண்டாக்குவது முன்னால் நிற்பது, அதனால் அதன் விட்டத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். 7 விட்டத்துக்கு அப்பாலும் வேக் முழுதாக அடங்கிவிடாது. அதிலும் இரவில் தரை குளிர்ந்து காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது மேலும் கீழும் கலப்பது குறைவு; வேக் நெடுந்தூரம் போகும்.

காற்றாலைகளால்தான் எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மழை இல்லை என்கிறார்களே? (பேரையூர்)

காற்றாலை காரணமல்ல. தென்மேற்குப் பருவ மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. நாம் இருப்பது மழை மறைவுப் பகுதி. காற்றாலைகள் வருவதற்கு முன்பும் அப்படித்தான்.

வேக் அடிக்கும் மெஷினில் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்? (ஆண்டிபட்டியிலிருந்து இன்னொருவர்)

முதலில் பிளேடு அடிப்பகுதிப் போல்ட்டுகள். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பக்கத்துப் பரப்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள். போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. அப்புறம் மெஷினைக் காற்றுக்குத் திருப்பும் யா மோட்டார், அதன் பிரேக். பாதி வேக் மெஷினை ஒரு பக்கமாகத் திருகப் பார்க்கும், அந்த இழுவையை இவைதான் தாங்குகின்றன. மெயின் பேரிங் சூட்டையும் பருவம் முழுக்கக் குறித்து வையுங்கள்.

இதற்கும் மேலே தொந்தரவு தொடர்ந்தால், குறிப்பிட்ட திசையிலிருந்து பலத்த காற்று வரும்போது மட்டும் மெஷினை நிறுத்தி வைக்கும்படி கன்ட்ரோலரில் அமைக்கலாம். சில மணி நேர யூனிட் போகும். பிளேடு மாற்றும் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.