பந்து இல்லாத ஆளைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க பாரிஸ் போயிருந்தேன். அங்கே பெரிய கால்பந்து கிளப்பான பிஎஸ்ஜி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, சாந்த் உவான் என்ற புறநகரில் ரெட் ஸ்டார் அணியின் ஆட்டத்துக்கு மருமகன் அழைத்துப் போனார். கேலரியில் ஒரு கூட்டம் நின்றபடி பாடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஆட்டத்தின் தரம் சுமார்தான், டிவியில் பார்ப்பதில் பாதிகூட இல்லை. குளிர் தாங்காமல் முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் இத்தனை காலம் ஆண்டும் புதுச்சேரிக்கு ஏன் கால்பந்து வெறி வரவில்லை என்றும் யோசித்தேன். அடுத்த முறை அதிகம் செலவழித்தாவது பெரிய ஆட்டத்துக்குப் போகலாமா?

ஒரு வாசகர், லாசுப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

போகலாமா என்பதை உங்கள் மருமகன் சொல்லட்டும், எப்படியும் காசு அவருடையது. புதுச்சேரி ஆராய்ச்சியையும் விடுங்கள், அவர்கள் விளையாடி விட்டுப்போன பெத்தாங்க் என்கிற இரும்புக் குண்டை இன்னும் வீசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள், அது போதும். பாதியில் எழுந்து வந்ததைக்கூட மன்னிக்கலாம், மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றுகிற ஆட்கள் நாம். ஆனால் அந்த 'தரம் சுமார்' இருக்கிறதே, அதை விட மனசு வரவில்லை. கொஞ்ச நாளாகவே இதற்காக யாருடனாவது சண்டை போட வேண்டும் என்றிருந்தேன், நீங்களாக வந்து மாட்டினீர்கள்.

எங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள் என்றாவது தெரியுமா? ரெட் ஸ்டார் 1897-இல் தொடங்கிய கிளப். தொடங்கியவர் ஜூல் ரிமே, பிற்பாடு ஃபிஃபா தலைவராகி 1930-இல் முதல் உலகக் கோப்பையை நடத்திக் காட்டிய அதே ஆள். உங்களுக்கு டிக்கெட் கிடைக்காத பிஎஸ்ஜி பிறந்ததே 1970-இல். 1943-இல் ரெட் ஸ்டாரில் சேர்ந்த விங்கர், அதாவது ஓரமாக ஓடித் தாக்குகிற ஆட்டக்காரன், ரினோ தெல்லா நெக்ரா, நாஜிகளை எதிர்த்த ரகசியக் குழுவில் இருந்து பிடிபட்டு, 1944 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டான். இருபது வயது. தம்பிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், ரெட் ஸ்டார்காரர்கள் எல்லோரிடமும் விடைபெற்றதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறான். அங்கே ஒரு கேலரிக்கே அந்தப் பையனின் பெயர். நீங்களோ அங்கே போய்விட்டு வந்து தரத்துக்கு மார்க் போடுகிறீர்கள்.

சரி, அது வரலாறு, தெரியாமல் இருக்கலாம். என் கோபம் டிவி மேல்தான். டிவி எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடும். தொண்ணூறு நிமிடத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம். மிச்ச நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் மைதானத்துக்கே போவது. பந்தை மட்டும் பார்ப்பது, கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டுகிற கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது மாதிரி.

என் மாமா கடலூர் முதுநகர்க்காரர், லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கம் தடுத்து ஆடுகிறவர். ஆட்டத்தை விட்ட பிறகு என்னை சைக்கிள் கேரியரில் வைத்து மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு அழைத்துப் போவார். என் கண் பந்தோடு ஓடினால் தாடையைப் பிடித்துத் திருப்புவார். "அங்க என்னடா இருக்கு, இந்த பேக்கைப் பாரு." பந்து எதிர் கோலுக்குப் பக்கத்தில் கிடக்கும். இங்கே பேக் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் ஆட்டி கோல்கீப்பரை முன்னே வரச் சொல்வான், எதிரணி விங்கர் எங்கே நிற்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி நாலடி உள்ளே தள்ளி நிற்பான். கொஞ்ச நேரத்தில் நீளமாக ஒரு பந்து வந்து சரியாக அவன் தலையில் விழும். கூட்டம் 'லக்குடா' என்று கத்தும். மாமாவுக்கு அப்போது வருகிற எரிச்சலில் என் தலையில் ஒரு குட்டு விழும், நான் என்ன பாவம் செய்தேனோ.

எங்கள் ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், நடுக்களக்காரர். பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய பட்டம் வாங்கிய தமிழ்நாட்டு அணியிலும் இருந்தவர். யார் கோல் போட்டது என்று மட்டும் தேடுகிறவருக்கு நடுக்களத்தில் ஆடுகிறவர் செய்கிற வேலையில் முக்கால்வாசி கண்ணிலேயே படாது.

பாரிஸ் வரை போகிற உங்களுக்கு இங்கே வர ஒரு மணி நேர பஸ்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்துக்கு வாருங்கள், யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள், டீ நான் வாங்கித் தருகிறேன். நடுக்களத்தில் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். பந்தைப் பார்த்தீர்களோ, பேரன் எடுத்தவர் என்றெல்லாம் பார்க்க மாட்டேன், தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுவேன்.