ஷஃபுள்பாட்டம் என்றெல்லாம் நிஜமாகவே ஒரு குடும்பப் பெயர் உண்டா?

கேள்வி: "ஆங்கிலேயர்களுக்கு ஷஃபுள்பாட்டம், சைட்பாட்டம், ராம்ஸ்பாட்டம் என்றெல்லாம் உண்மையிலேயே குடும்பப் பெயர் இருக்கிறதா? இதை வைத்துக்கொண்டு எப்படி வெளியே தலைகாட்டுகிறார்கள்?"

கேட்டவர் அநேகமாக ஐ.டி. கம்பெனிக்காரர். புது கிளையன்ட் அனுப்பிய மெயிலின் கீழே இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ('ஷஃபுள்' என்றால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது, 'பாட்டம்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் பின்புறமும்தான்.) மீட்டிங்கில் மைக்கை மியூட் செய்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரோடு சிரித்திருப்பீர்கள். நான் சொல்வது தப்பாக இருந்தால் மன்னிக்கவும். மியூட் பட்டன் இல்லாத இடத்தில் சிரித்து மாட்டிக்கொண்டவள் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்று ஓர் ஊர். அங்கே ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டாக்டர் சீட்டுக்கு மருந்தை எடுத்து, காகிதப் பையில் போட்டு, பெயர் அச்சடித்த லேபிளை ஒட்டி, கவுன்டரில் நின்று கூப்பிட வேண்டும். சேர்ந்து இரண்டாவது வாரம். பையைக் கையில் எடுத்தேன், 'மிஸ்டர் ஷஃபுள்...' வரைக்கும் வந்துவிட்டேன். மீதி வாயில் வரவில்லை. சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. இருமல் மாதிரி நடித்தேன், யாரும் நம்பவில்லை. நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து வந்து, "பாட்டம், லவ். முழுசாகச் சொல்லிவிடு, பாரம் இறங்கிவிடும்" என்றார். (அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பெண்கள் எல்லோருமே 'லவ்'தான். நம்மூர் 'அம்மாடி' மாதிரி. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.)

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கோபமே படாததுதான் எனக்கு உறுத்தியது. மூன்றாவது வகுப்பிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போன மனிதர் அவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அடுத்த மாதம் மருந்து வாங்க வந்தவர், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். காலி மருந்துப் பை ஒன்றைக் கேட்டு வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பையின் பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெயர்கள் எழுதினார். மேலே 'ஷிப்பவெல்லபோத்தம்', நடுவில் 'ஷிப்பர்பாட்டம்', கீழே 'ஷஃபுள்பாட்டம்'. மேலே இருப்பது 13ஆம் நூற்றாண்டு லங்காஷயர் நீதிமன்றப் பதிவுகளில் வரும் வடிவமாம். பிறகு பேனாவாலேயே ஜன்னல் பக்கம் காட்டி, "பஸ்ஸில் போனால் வந்துவிடும், ராம்ஸ்பாட்டத்தில் ஷிப்பர்பாட்டம் சந்து என்று இன்னும் இருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'போத்ம்' என்றால் பள்ளத்தாக்கின் அடி, ஓடையோரத் தாழ்நிலம். ஷஃபுள்பாட்டத்தின் முன்பாதியில் இருப்பது ஆடும் ஊற்றும். மொத்தமாகச் சேர்த்தால் 'ஆடு கழுவும் ஊற்று இருக்கிற பள்ளம்'. அந்தக் காலத்தில் கம்பளி கத்தரிப்பதற்கு முன்னால் ஆடுகளை ஓடையில் இறக்கிக் கழுவுவார்கள். அழுக்குப் போன கம்பளிக்கு விலை அதிகம். அப்படி ஓர் இடத்தில் குடியிருந்தவனை, இந்த ரிச்சர்டா அந்த ரிச்சர்டா என்று குழப்பம் வராமலிருக்க, ஊரார் இடத்தைச் சேர்த்துச் சொன்னார்கள். நாம் 'பள்ளத்து வீட்டு முருகன்' என்று சொல்வதில்லையா, அதேதான். நம் முருகனின் பேரன் மாடி வீடு கட்டினால் 'மாடி வீட்டுக்காரர்' ஆகிவிடுவான். அவர்களுக்கு அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறி அப்படியே உறைந்துவிட்டது.

எழுதினவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். 'ஷிப்பவெல்ல' என்ற சொல்லுக்கு அர்த்தம் மறந்துபோன பிறகு, நாக்கு தனக்குத் தெரிந்த 'ஷஃபுள்' பக்கம் சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான். யாரும் எதையும் ஆட்டிக்கொண்டு நடக்கவில்லை.

அப்புறம் நீங்கள் சிரிக்கிற அந்த 'பாட்டம்' இருக்கிறதே, அது மிகவும் சின்னப் பிள்ளை. உட்காரும் இடத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் தெளிவாகத் தென்படுகிறது. அதாவது, பெயர் வந்து ஐந்நூறு வருடம் கழித்துத்தான் அதைப் பார்த்துச் சிரிக்கக் காரணமே பிறந்திருக்கிறது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, "நாங்கள் முதலில் வந்தோம் லவ், பின்புறம் பிறகு வந்தது" என்றார். இந்த முறை அவரே சிரித்தார். நான் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பையை மடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராம்ஸ்பாட்டம் போனேன். இர்வெல் ஆற்றங்கரையில் சின்ன ஊர். ஒருபக்கம் ஹோல்கம் குன்று, அதன் உச்சியில் ராபர்ட் பீல் நினைவாக 1852ல் கட்டிய கல் கோபுரம். (லண்டன் போலீசை உருவாக்கிய அதே பீல், பிறந்தது பெரியில்.) ஓடைப் பக்கம் மரநிழலில் இறங்கியதும் பூண்டு வாசனை குப்பென்று வந்தது. யாரோ ரசத்துக்குத் தாளிக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். கீழே பார்த்தால் தரை முழுக்க அகலமான இலைகள், வெள்ளை நட்சத்திரம் மாதிரி பூக்கள். காட்டுப் பூண்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'ஹ்ரம்சா'. ராம்ஸ்பாட்டம் என்றால் 'காட்டுப் பூண்டுப் பள்ளம்' என்று ஒரு கட்சி, 'கிடா மேய்ந்த பள்ளம்' என்று இன்னொரு கட்சி. நான் பூண்டுக் கட்சி. மூக்கால் முடிவு செய்தேன், மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

மற்றவற்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சைட்பாட்டத்தில் இருக்கும் 'சைட்' பக்கம் அல்ல, 'அகலமான' என்று பொருள். செஷயர் பக்கத்துப் பெயர் அது. அங்கே பிராட்பாட்டம் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய பஞ்சாலை நடத்தியவர்களே சைட்பாட்டம் குடும்பத்தார்தான், நாடாளுமன்றம் வரைக்கும் போனவர்கள் அந்த வீட்டில் உண்டு. வின்டர்பாட்டம் என்பது குளிர்காலத்தில் மந்தையைக் கொண்டுபோய் அடைக்கும் பள்ளம். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேலாளர் வால்டர் வின்டர்பாட்டம், ஓல்டம் ஊர்க்காரர். ரோபாட்டம் கரடுமுரடான பள்ளம். எல்லாமே பென்னைன் மலையின் இரண்டு பக்கச் சரிவுகளில், லங்காஷயர், செஷயர், மேற்கு யார்க்ஷயர் எல்லைக்குள் அடங்கிவிடும். அங்கே நிலமே அப்படி, மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது.

கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் ரயன் சைட்பாட்டத்தை நினைவிருக்கும். சுருட்டை முடி, இடது கை, 2008ல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக். அவர் அப்பா ஆர்னி சைட்பாட்டம் 1985ல் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், அதற்கு முன்னால் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கால்பந்தும் ஆடியிருக்கிறார். ஆனால் நீங்கள் எல்லோரும் சிரிக்காமல் மரியாதையாகச் சொல்லும் ஒரு பெயர் இருக்கிறது. இயன் போத்தம். 1980ல் பம்பாயில் வந்து சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்துவிட்டுப் போனாரே, அவர்தான். அந்தப் 'போத்தம்' இதே 'போத்ம்'. எழுத்து வேறாக இருப்பதால் தப்பித்துக்கொண்டார். இதில் வேடிக்கை, வெட்கப்பட்டு 'பாட்டம்' என்பதைப் 'போத்தம்' என்று மாற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் மாற்றிக்கொண்டதுதான் பழைய வடிவத்துக்கு அருகில் இருக்கிறது.

பெயர் மாற்றினாலும் பிழைத்தோம் என்று நிச்சயமில்லை. 1862ல் ஜோசுவா பக் என்பவர், 'பக்' என்றால் பூச்சி என்பதால், இனி என் பெயர் நார்ஃபோக் ஹோவர்ட் என்று டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஹோவர்ட் குடும்பம் நார்ஃபோக் பிரபுக்களின் குடும்பம், அதனால் இவருக்கு அந்த ஆசை. விளைவு? மூட்டைப்பூச்சிக்கே 'நார்ஃபோக் ஹோவர்ட்' என்று கேலிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏன் இந்தப் பெயர்கள் இவ்வளவு அரிது, ஏன் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன என்று அடுத்து கேட்பீர்கள். ஸ்மித் என்றால் கொல்லன், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொல்லன் இருந்தான். ஆடு கழுவும் அந்தப் பள்ளத்தில் இருந்தது ஒன்றிரண்டு வீடு. அதில் ஆண்பிள்ளை இல்லாமல் போனால் பெயரும் போச்சு. பெயர்கள் இப்படி அழிவதைக் கணக்காகப் போட முடியுமா என்று 1873லேயே ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பத்திரிகையில் கேள்வி கேட்டார், வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்பினார். கால்டன்–வாட்சன் என்ற அந்தக் கணக்கை இன்றைக்கும் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பிப் பிழைத்த வீடுகளின் பிள்ளைகளும் ரொம்ப தூரம் போகவில்லை. பஞ்சாலை வந்ததும் மலையிலிருந்து இறங்கி போல்டன், மான்செஸ்டர் என்று நடந்துபோகிற தூரத்திலேயே தங்கிவிட்டார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட குடும்பப்பெயர் வரைபடங்களைப் பாருங்கள், நாட்டின் தெற்குப் பாதி கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்கும்.

மரபணுப் பரிசோதனையும் இதைத்தான் காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000ல் தன் சொந்தக் குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்றால் சிற்றோடை, அதுவும் இந்தப் பக்கத்துப் பெயர். 48 சைக்ஸ் ஆண்களைச் சோதித்தால், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே ஒய் குரோமோசோம் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது), அதாவது ஒரே பாட்டன். "பார்த்தீர்களா, எவ்வளவு சுத்தமான வம்சம்" என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுகிறேன். லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2007ல் கிழக்கு யார்க்ஷயரின் ஓர் அரிய பெயரைச் சோதித்தார்கள். அந்தப் பெயர் கொண்ட 18 ஆண்களில் 7 பேரிடம் இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே அதுவரை கண்ட ஒய் குரோமோசோம் வகை. அவர்கள் யாருக்கும் தங்கள் வம்சத்தில் ஓர் ஆப்பிரிக்கர் இருந்தது தெரியாது.

இன்னொன்று. 'பாட்டம்' தமிழ்ச்சொல்தான், அடிப்பட்டம், பாட்டன் என்று வேர் காட்டிப் பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: போன பதிலுக்கு வந்த நாற்பதையும் படித்துவிட்டேன், போதும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். முதல் நாள் சிரித்த கதையை அசட்டுத்தனமாக வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா புருஷன் எந்த விசேஷத்தில் பார்த்தாலும், பந்தியில் எல்லோரும் கேட்கிற மாதிரி "என்னம்மா, உன் ஷஃபுள்பாட்டம் எப்படி இருக்கார்?" என்பார். ஆடு, ஊற்று, பள்ளம் என்று நான் விளக்கினால் "அதெல்லாம் சரி" என்று இன்னொரு தடவை சிரிப்பார். இந்த மனிதருடைய சொந்த ஊரில் போய் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'ஓட்டைச்சட்டி வீடு' என்றால்தான் வழி காட்டுவார்கள். ஒரு நாளாவது அதை நான் பந்தியில் சொன்னேனா? மாமியார் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தளத்தில் அவர் கணக்கு வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

சரி, உங்கள் கிளையன்ட். தாராளமாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆனால் வேகமாக முழுங்காதீர்கள், முழுங்கினால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும். எழுத்தில் 'போத்தம்' என்று முடிந்தால் 'பாட்டம்' என்பாரா 'போத்தம்' என்பாரா என்பது வீட்டுக்கு வீடு மாறும், முதல் மீட்டிங்கிலேயே அவரிடமே கேட்டுவிடுங்கள். சொந்த ஊர் எது என்றும் கேளுங்கள். பெரி, போல்டன், ராச்டேல் என்று ஏதாவது வந்தால் ஷிப்பர்பாட்டம் சந்து பற்றிச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு மீட்டிங் குறித்த நேரத்தில் முடியாது, அதற்கு நான் பொறுப்பில்லை.