எடை இல்லாத தகரம்தான் பறக்கும்: கேம்பர் கட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி) கட்டுகிறவர்கள், அதற்கான பெரிய தகர ஷீட்டை சேதாரமில்லாமல் வீடு கொண்டுவருவது பற்றிக் கேட்டவை. பதில் சொல்பவர் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைக்காரர்.

உடுமலையிலிருந்து: அண்ணா, கோயமுத்தூர்ல எட்டுக்கு நாலு அலுமினிய ஷீட், 1.2 எம்எம், எடுக்கறேனுங்க. ஒண்ணு பத்து கிலோகூட வராது. கார் கேரியர் மேல கட்டிக்கலாங்களா?

பத்து கிலோ வராதுங்கறதுதான் தம்பி வில்லங்கமே. எட்டுக்கு நாலுன்னா கிட்டத்தட்ட மூணு சதுர மீட்டர். வண்டி 60ல போறப்ப முட்டற காத்து சதுர மீட்டருக்கு 17 கிலோ அளவுக்குத் தள்ளும். முன் ஓரம் தூக்கி, ஷீட் முழுசா காத்துக்கு நிமிந்துட்டா 50 கிலோ இழுவை. அதே 80ல போனா 90 கிலோ. அதுபோக ஆனி ஆடியில பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுங்களா? கேரியர் வேண்டாம்.

கோபியிலிருந்து: குட்டியானை புடிச்சாப் போதுமுங்களா?

ஏழடிச் சொச்சம்தான் உள்ள இருக்கும், எட்டடி ஷீட் வெளிய நீட்டும். 2019ல சட்டத்தைத் திருத்துனதுல இருந்து, லோடு பாடிக்கு வெளிய நீட்டுனா 20,000 ரூபா அபராதம், இறக்கற கூலியும் நம்ம தலைமேல. செவப்புத் துணி கட்டிட்டா விட்டுருவாங்கங்கறது பழைய கதை. பெரிய பிக்கப்பாப் புடிங்க. டிரைவர் சொல்ற அளவை நம்பாம டேப்பு வெச்சு அளந்துக்கங்க.

ஈரோட்டிலிருந்து: எப்படிங்ணா கட்டறது? போன தடவை நைலான் கயிறு பாதி வழியில அறுந்துபோச்சு.

அறாம என்ன பண்ணும், ஷீட் ஓரம் கத்தியாட்டம் இருக்குதே! அடியில ஒரு 12 எம்எம் பிளைவுட், மேல ஒண்ணு, நடுவுல ஷீட்டுங்க. பிளைவுட்டு எப்படியும் உள்வேலைக்கு வேணும், தண்டச் செலவில்லை. ஷீட் ஓரம் எங்கயும் பிளைவுட்டைத் தாண்டி எட்டிப் பாக்கக் கூடாது.

இனி கட்டு. ரெண்டு முனையில மட்டும் இறுக்குனா நடுவுல படபடன்னு அடிச்சு, வீடு வர்றதுக்குள்ள நெளிசல் விழுந்துரும். மேல குறுக்கால மூணு எடத்துல ரீப்பர் கட்டை போடுங்க. கடையில எல்லாரும் நேரான கட்டையாப் பொறுக்குவாங்க, நீங்க லேசா வளைஞ்சதாக் கேளுங்க. வளைவு கீழ பாத்து வெச்சு ரெண்டு முனையையும் ராட்செட் பெல்ட்டுல (கைப்பிடியை ஆட்டி இறுக்கற பட்டை) இழுத்தா, கட்டை நிமிரப் பாத்து நடுப்பகுதியை அழுத்தும். பெல்ட் ஓரத்துல மடங்கற எடத்துக்கெல்லாம் பழைய ஓஸ் பைப்பை நீளவாக்குல கீறி மாட்டுங்க. ஷீட் கட்டு கேபின் பக்கத் தடுப்போட ஒட்டி இருக்கணும், இடைவெளி இருந்தா கட்டை வெச்சு அடைங்க. பிளாஸ்டிக் பிலிம் ஒட்டுன ஷீட் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கும், சடன் பிரேக் போட்டா முன்னால பாயும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்குங்க.

தாராபுரத்திலிருந்து: சுருட்டி எடுத்துட்டு வரலாமுல்லங்க?

அரை எம்எம்முக்கு சரி. ஒரு எம்எம்மை ரெண்டடி விட்டத்துக்குச் சுருட்டுனா கொஞ்சம் வளைவு நின்னுபோகலாம். எதைச் சுருட்டுனாலும் கட்டுன கயிறை அவுக்கறப்போ எதிர்ல நிக்காதீங்க, மூஞ்சிக்கு நேரா விரியும். பக்கத்துல நின்னு ஒருத்தர் புடிச்சுக்க, ஒருத்தர் அவுக்கணும்.

சத்தியமங்கலத்திலிருந்து: வழியில மழை புடிச்சுக்கிச்சு, அப்படியே தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன்.

இன்னைக்கே பிரிங்க. ஈரம் ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல நின்னா அலுமினியத்துல சாம்பக் கறை, ஜிஐயில (துத்தநாகம் பூசுன இரும்புத் தகடு) வெள்ளைப் பூஞ்சையாட்டம் துரு. ஒவ்வொண்ணாத் தொடைச்சு இடைவெளி விட்டு நிமித்தி வைங்க. பிலிமை வெய்யில்ல காயவிட்டா பசை இறுகி உரியவே உரியாது.

நாமக்கல்லிலிருந்து: எனக்குப் பத்தடி ஷீட்டே வேணும், ஜாயிண்ட் போட மனசில்லைங்க.

கூரைக்கு மட்டும் முழுசா எடுங்க, தண்ணி எறங்கற எடம் அது. பக்கச் சுவருக்கு அளவு எழுதிக் கொடுத்தா கடையிலயே ஷியரிங் மிஷின்ல வெட்டித் தருவாங்க. எங்க ஊர்ல பாடி கட்டறவங்களும் துண்டு துண்டாத்தான் ரிவிட் அடிக்கறாங்க, மேல பீடிங் (ஒடுக்கமான மூடுபட்டை) ஓட்டுனா ஜாயிண்ட் கண்ணுக்கே தெரியாது.