முகவருக்கு 4,800 வெள்ளி கட்டலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊடகத் துறையில் முதுகலை முடித்தவர். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினார்களே, அதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசைப்படுகிறார். ஈப்போவில் ஒரு முகவர், "பிரிட்டனில் உபகாரச் சம்பளத்தோடு இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் 4,800 வெள்ளி (ரிங்கிட்)" என்றாராம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

வைக்க வேண்டாம். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

முகவருக்கு எங்கிருந்து வருமானம் வருகிறது என்று பாருங்கள். மாணவர் கட்டணம் கட்டிச் சேர்ந்தால், பல்கலைக்கழகம் அதில் ஒரு பங்கை அவருக்குக் கமிஷனாகக் கொடுக்கும். முழு நிதியுதவியோடு முனைவர் பட்டத்துக்குப் போகிறவர் கட்டணமே கட்டுவதில்லை. அவரால் முகவருக்கு லாபம் இல்லை, அதனால்தான் உங்களிடம் முன்பணம் கேட்கிறார். யாருக்கு உதவித்தொகை என்று முடிவு செய்வது பேராசிரியர்கள் அடங்கிய ஒரு குழு. அவர்கள் உங்கள் ஆய்வுத் திட்டத்தையும் சான்றுக் கடிதங்களையும் படித்துத் தரம் பிரிப்பார்கள். அங்கே எந்த முகவரின் சிபாரிசும் செல்லாது.

ஒரு பையன் தன்னுடைய 'உபகாரச் சம்பளக் கடிதத்தை' பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். முதல் பக்கம் முழுக்க வாழ்த்து. இரண்டாம் பக்கத்து அட்டவணையின் கடைசி வரியில், நிதி ஆதாரம் என்ற இடத்தில், 'சொந்தச் செலவு' என்று இருந்தது. அது வெறும் சேர்க்கைக் கடிதம். அதற்கு அவனுடைய தாய் கூட்டு (சீட்டு) பணம் எடுத்து 6,000 வெள்ளி கொடுத்திருந்தார். மாதம் எவ்வளவு தருவார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, கல்விக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் அது நிதியுதவிக் கடிதம்.

"யாருக்கும் ஒரு காசு கொடுக்காதீர்கள்" என்று நான் எப்போதும் சொல்வதில் ஒரு விலக்கு உண்டு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணம் வாங்கும். அமெரிக்காவில் இது சர்வ சாதாரணம். அது மோசடி இல்லை. ஆனால் அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணைய விண்ணப்பத்துக்குள், உங்கள் பெயரில் திறந்த கணக்கிலிருந்து, நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அது விண்ணப்பக் கட்டணமே அல்ல. 'நானே கட்டிவிடுகிறேன், என்னிடம் கொடுங்கள்' என்றாலும் அல்ல. கடவுச்சொல்லை வேறொருவர் வைத்திருந்தால் அந்த விண்ணப்பமும் உங்களுடையது அல்ல. வசதி இல்லாதவர்கள் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ஆய்வுத் திட்டத்தையே எழுதித் தருகிறோம் என்பவர்கள் இன்னொரு கூட்டம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

சரி, பணம் எங்கே இருக்கிறது? உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஹாங்காங் முனைவர் பட்ட உதவித்தொகைத் திட்டம். 2009-இல் தொடங்கியது. எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும் விண்ணப்பிக்கலாம். மாதம் 28,000 ஹாங்காங் டாலருக்கு மேல், மூன்று ஆண்டுகள் வரை தருகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து டிசம்பர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். முதலில் அந்தத் திட்டத்தின் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும், பிறகு அந்த எண்ணோடு அதிகபட்சம் இரண்டு முனைவர் பட்டப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண் வாங்காமல் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனால் இந்த உதவித்தொகைக்கு உங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அங்கே லிங்னான் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வுகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

நெதர்லாந்தில் முனைவர் பட்டம் பெரும்பாலும் சம்பள வேலை. 'உபகாரச் சம்பளம்' என்று தேடினால் கண்ணில் படாது, பல்கலைக்கழகங்களின் வேலை விளம்பரங்களில் தேடுங்கள். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டம் வெளிநாட்டவருக்கும் உண்டு, பல்கலைக்கழகம் வழியாகத்தான் விண்ணப்பம். பிரிட்டனின் அரசு ஆய்வு நிதி 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் இடங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் அவர்களுக்குப் போகாது. இதில் முகவர் என்ன 'வாங்கித் தர' முடியும்?

உள்நாட்டில் வழி வேறு. உயர்கல்வி அமைச்சின் ஆய்வு மானியம் வைத்திருக்கும் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, அவருடைய மானியத்திலிருந்து மாதத் தொகை வாங்கிப் படிப்பது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையிலும், மலாயா பல்கலைக்கழகத்தின் ஊடகத் துறையிலும் இந்திய ஆய்வியல் துறையிலும் கேட்டுப் பாருங்கள். மானியத்தின் தலைப்புக்குள் உங்கள் தலைப்பு அடங்க வேண்டும். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. பணம் முதலில் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் போகிறது. ஊடகமும் பண்பாடும் பந்தி முடிந்த பிறகு இலை போடப்படும் விருந்தாளிகள். அறிவிப்பு எங்கோ ஒரு மூலையில் வரும், இரண்டு வாரத்தில் மூடும். தோட்டத்துப் பிள்ளைக்கு அதை யார் சொல்வது? அந்த இடைவெளியில்தான் முகவர்கள் கடை விரிக்கிறார்கள்.

உங்கள் தலைப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திரைப்படம் பார்த்தவர்களின் நினைவுகளைக் கொண்டு வரலாறு எழுதுவது உலகம் முழுக்க நடக்கும் ஆய்வு. அதில் தோட்டத்து மக்களோடு தமிழில் உட்கார்ந்து பேசக்கூடியவர் நீங்கள். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் முதல் வரியிலேயே இதைச் சொல்லுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்கள் கேள்வி எங்கே ஒட்டுகிறது என்று நான்கு வரி எழுதுங்கள், போதும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்புங்கள்.

உங்கள் தோட்டத்தில் அன்று திரை கட்டியவரோ படக்கருவி ஓட்டியவரோ இன்னும் இருந்தால், விண்ணப்பத் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த மாதமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அவரோடு பேசிக் குறிப்பெடுத்து வாருங்கள்.