படித்துறைக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பின் சென்னையை விட்டு அம்பாசமுத்திரம் பக்கம் குடியேறலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். வெயில் ஆண்டுக்காண்டு ஏறுகிறதே, அந்த ஊர் தாங்குமா? 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணி ஆற்றங்கரையில் வீடு வாங்கலாமா? பொழுதுபோக்குக்கு என்ன இருக்கிறது? நல்ல பூங்கா, நடைபாதை, நீச்சல் குளம் எதுவும் கண்ணில் படவில்லை. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அவர்களை ஆற்றில் இறங்க விடமாட்டோம். ஆற்றைப் பார்த்தபடி ஒரு வீடு அமைந்தால் போதும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெயிலை முதலில் முடித்துவிடுகிறேன். ஏப்ரலும் மேயும் நெல்லைச் சீமை காயத்தான் செய்யும். ஜூன் பிறந்தால் மலையிலிருந்து மேல்காற்று இறங்கிவிடும், குற்றாலத்துச் சாரல் சில நாள் இந்தப் பக்கமும் எட்டிப்பார்க்கும். ஓட்டு வீடாகவோ, சுற்றிலும் மரம் உள்ள வீடாகவோ பாருங்கள். அவ்வளவுதான்.

வெள்ளத்தைப் பற்றித் தரகரிடம் கேட்காதீர்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தத் திண்ணை வரை ஏறியது என்று தெருவில் வயதானவர்களிடம் கேளுங்கள். 2023ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயிலே நின்றுபோனது. அந்த மாதிரி மழை இனி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வரும் என்று வைத்துக்கொண்டே வீடு பாருங்கள்.

சரி, இதற்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. ஆற்றில் இறங்க விடமாட்டோம் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஆற்றைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்கிறீர்கள். எப்படி எஸ். மனம் வந்தது உங்களுக்கு? தாமிரபரணி என்ன, சுவரில் மாட்டுகிற படமா? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை, இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு ஓடுகிற ஆறு அது. தமிழ்நாட்டில் இப்படி ஆண்டு முழுவதும் தண்ணீர் பார்க்கிற ஆறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதன் கரையில் குடியேறப் போகிறவர் நீச்சல் குளம் எங்கே என்று கேட்கிறீர்கள்!

ஆறு அழுக்கானது, அதனால் ஜனங்கள் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்ச நாளாகவே எனக்கு இது மனதில் கிடந்து உறுத்துகிறது. நான் பார்த்தவரை நடந்தது நேர்மாறாக. முதலில் ஜனங்கள் போவது நின்றது. வீட்டுக்கு வீடு மோட்டார் வந்தது, குளியலறை வந்தது. முதலில் நின்றவர்கள் பெண்கள். அவர்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளும் கூடவே நின்றார்கள். ஆள் இல்லாத படித்துறைக்குப் பாட்டில்கள் வந்தன. பாட்டில் வந்த இடத்துக்கு மிச்சமிருந்த இரண்டு பெண்களும் வரவில்லை. அதற்கப்புறம் சாக்கடையை அங்கே திருப்பிவிட்டபோது தடுத்துக் கேட்க ஒரு ஆள் இல்லை. நூறு பெண்கள் துவைத்துக் குளித்துக்கொண்டிருந்த துறையில் எவனாவது சாக்கடையைத் திருப்பியிருக்க முடியுமா? துணி துவைக்கிற கல்லாலேயே அடித்திருப்பார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் என் ஆச்சிக்கு வீட்டுக்கு வெளியே இருந்த ஒரே பொழுதுபோக்கு ஆறுதான். கோயிலுக்குப் போனாலும் யாராவது கூட வர வேண்டும். ஆற்றுக்கு மட்டும் தனியாகப் போவாள். மஞ்சளும் பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரம் அவளுக்கே அவளுக்கு. எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பழைய சேலையை முறுக்கி என் இடுப்பில் கட்டி, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விடுவாள். "தண்ணிகிட்ட மல்லுக்கு நிக்காதல. அது இழுக்குற பக்கமே போயி, கொஞ்சங்கொஞ்சமா கரை ஏறு" என்பாள். பாசி படிந்த படியில் குதிகாலை ஊன்றக் கூடாது, பக்கவாட்டில் இறங்க வேண்டும். தெளிந்து ஓடுகிற தண்ணீர் திடீரென்று நிறம் மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மலையில் மழை என்று அர்த்தம். அந்த நிமிடமே கரையேறிவிட வேண்டும். இதெல்லாம் நாலைந்து வயதுக்குள் உடம்பில் ஏறிவிடும். நாற்பது வயதில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு விடுமுறையிலும் யாராவது ஒரு பிள்ளையை இந்த ஆறு கொண்டுபோகிறது. மணல் அள்ளிய குழிகள் இன்னும் இருக்கின்றன. 2010ல் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது, ஆனால் அதற்கு முன் தோண்டியது தோண்டியதுதான். பாபநாசத்தில் பரிகாரம் என்று கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் துணி கல்லில் மாட்டிக்கொண்டு கிடக்கும். மிதித்தால் பாம்பு மாதிரி கணுக்காலைச் சுற்றும். பாவத்தைக் கழுவ வந்தவர்கள் அடுத்தவன் பிள்ளையின் காலுக்குக் கண்ணி வைத்துவிட்டுப் போவது என்ன பக்தி? இதைக் கேட்டால் என் மேல் கோபப்படுகிறார்கள். கோபப்படட்டும்.

ஆனால் இதற்கெல்லாம் நீங்கள் பூங்கா கேட்பது மருந்தாகாது. கரையில் சிமெண்ட் போட்டு, கம்பி வேலி வைத்து, அந்தப் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் போய்ப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்து, அதைக் கிழித்துவிடுகிற மாதிரி சுவரைப் படகின் முனை போலக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் உற்சவரைத் தூக்கிக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள், வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பி வருவார்கள். ஆற்றோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள் கட்டியது.

நடக்க வேண்டுமானால் கன்னடியன் வாய்க்கால் கரையில் நடங்கள். பறவை பார்க்கத் திருப்புடைமருதூர் இருக்கிறது. கோயிலை ஒட்டிய மருத மரங்களில் அவை கூடு கட்டும். 2005லேயே அதைக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அங்கே ஒரு காலைப்பொழுது போதாது.

வீடு பார்க்க மே மாதத்தில் ஒரு தடவையும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவையும் வாருங்கள். வரும்போது உங்கள் மனைவியைப் பக்கத்துப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாலை ஆறு மணிக்கு அவர்களால் அங்கே நிம்மதியாக உட்கார முடிகிறதா என்று அவர்களிடமே கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.