பெப்சி எங்கள் ஊரில் கடலில் விளைகிறது

கேள்வி: பிரபலமான பிராண்டுகளுக்கும் விளம்பரங்களுக்கும் பின்னால், பலருக்கும் தெரியாத ஆச்சரியமான கதை ஏதாவது உண்டா?

கேட்டவர் அநேகமாக பிபிஏவோ எம்பிஏவோ படிக்கிறவராக இருப்பார், நாளைக்கு செமினார் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே இருக்கும் கதையை வகுப்பில் எழுந்து நின்று சொல்லாதீர்கள். நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

2012. மதுரையில் ஒரு கல்லூரியில் பிபிஏ முதல் வருடம். மார்க்கெட்டிங் வகுப்பில் சார் பெப்சியின் கதையைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், குறை சொல்ல முடியாது. 1893-ல் அமெரிக்காவின் வடக்கு கரோலைனாவில் நியூ பெர்ன் என்ற ஊரில் கேலெப் பிராதம் என்ற மருந்துக்கடைக்காரர் ஒரு பானம் கலக்கினார், அதற்கு ‘பிராட்ஸ் டிரிங்க்’ என்று தன் பெயரையே வைத்தார், அஜீரணத்துக்கான ‘டிஸ்பெப்சியா’ என்ற சொல்லை ஒட்டி 1898-ல் ‘பெப்சி-கோலா’ ஆக்கினார், 1923-ல் கம்பெனி திவாலானது. அப்புறம் எல்லாரும் சொல்லும் ரஷ்யக் கதை. சோவியத் ரூபிளுக்கு வெளியே மதிப்பில்லாததால் முதலில் பெப்சிக்கு ஈடாக வோட்கா வாங்கினார்கள், 1989-ல் 17 பழைய நீர்மூழ்கிக் கப்பல்களும் மூன்று போர்க்கப்பல்களும் கைமாறின, எல்லாம் காயலான் கடைக்குப் போயின.

வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. சார் குஷியாகி, “வேற யாருக்காவது பெப்சி பத்திப் புதுசா ஏதாவது தெரியுமா?” என்றார்.

வகுப்பில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவன் நான். எந்தப் பேய் பிடித்ததோ, எழுந்தேன். “சார், எங்க ஊர்ல பெப்சி கடல்ல விளையுது சார். எங்க அம்மா அதுதான் போடுறாங்க” என்றேன்.

சிரிப்பு அடங்கவே இரண்டு நிமிடம் ஆனது. “உப்புப் பெப்சியாடா?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். சாரும் சிரித்துவிட்டு, “உட்காருப்பா” என்றார். அந்த “உட்காருப்பா” இன்னும் காதில் இருக்கிறது. மூன்று வருடமும் என் பெயர் ‘உப்புப் பெப்சி’. போன வருடம் ஒரு நண்பனின் கல்யாணத்தில் அவன் மனைவிக்கு என்னை அறிமுகப்படுத்தும்போதும் அதையேதான் சொன்னான்.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. சரி, சொன்ன விதம் தப்பு.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் பக்கம், வடகடல் கரை. வெளியூர்க்காரர்களுக்கு: எங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். அம்மா சின்ன வயதிலிருந்து தென்கடல் தீவுகளில் பாசி எடுத்தவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பிய்த்துப் பைக்குள் போடுவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை உண்டு. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்கப் போகும், நீங்கள் சாப்பிடும் கடல்பாசி ஜெல்லி மாதிரிப் பண்டங்களுக்கு. கட்டக்கோரையிலிருந்து எடுப்பது துணிக்குச் சாயம் அச்சடிக்கிற இடம் வரை போகும். அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. ஆதாருக்குக் கைரேகை வைக்கப் போனபோது மெஷின் எடுக்கவில்லை. அது வேறு கதை.

இதெல்லாம் தானாக விளையும் பாசி. நாங்கள் ‘பெப்சி’ என்று சொல்கிற பாசி அப்படியில்லை, பயிர். அதன் விஞ்ஞானப் பெயர் கப்பாபைகஸ் ஆல்வரெசி, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. 1990-களின் நடுவில் அங்கேதான் இதைக் கடலில் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டி அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டு கரைக்கு வந்த கம்பெனிதான் பெப்சிகோ. ஆமாம், அதே பெப்சிதான்.

கோலா விற்கிறவனுக்குப் பாசி எதற்கு என்று கேட்பீர்கள். 1988-ல் அவர்களுக்கு இந்தியாவுக்குள் வர அனுமதி கிடைத்ததே, விவசாயத்தில் இறங்குவோம், இங்கிருந்து ஏற்றுமதி செய்வோம் என்ற பேச்சின் பேரில்தான். பஞ்சாபில் தக்காளி ஆலை வைத்தார்கள். பெயரைக்கூட முதலில் ‘லெஹர் பெப்சி’ என்றுதான் போட வேண்டியிருந்தது. அந்த விவசாய வாலின் நுனிதான் எங்கள் கடலில் வந்து நனைந்தது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சார் வகுப்பில் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான்.

இந்தப் பாசியில் காரஜீனன் என்ற பசைப்பொருள் இருக்கிறது. பற்பசை தண்ணீராக ஓடாமல் பிரஷ் மேல் நிற்கவும், ஐஸ்கிரீம் வழவழப்பாக இருக்கவும் இதைச் சேர்ப்பார்கள். பாக்கெட்டின் பின்னால் 407 என்று ஒரு எண் போட்டிருந்தால் அது இதுதான். குடிக்கிற பெப்சிக்குள் பாசி போகிறது என்று நான் சொல்லவில்லை. ஊரில் பல பேர் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினார்கள். “நம்ம பாசியைத்தான் கரைச்சுக் கறுப்பாக்கி பாட்டில்ல அடைக்கிறான்” என்று பக்கத்து வீட்டு மதினி சொல்வார். எனக்கும் எட்டாம் வகுப்பு வரை சந்தேகம் இருந்தது.

வேலை எப்படி என்று சொல்கிறேன், இதைத்தான் அன்றைக்கு வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு மூங்கிலைச் சதுரமாகக் கட்டி ஒரு மிதவை. குறுக்கே 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாக விதைப்பாசியைத் தொங்கவிட்டுக் கட்ட வேண்டும். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. அடியில் ஒரு வலை, இல்லாவிட்டால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். 45 நாளில் 60 கிலோ ஏறக்குறைய 250 கிலோ ஆகும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கரையில் காயப்போட்டால் பத்தில் ஒரு பங்கு நிற்கும். இருபது கிலோகூடத் தேறாது. ஆளுக்கு 45 மிதவை, 45 நாள் பயிர், அதனால் தினம் ஒரு மிதவை வெட்டலாம், தினம் ஒன்று கட்டலாம். இந்தக் கணக்கைப் போட்டவன் யாரோ கெட்டிக்காரன். மீன்பிடிப் பிழைப்பில் ‘தினம்’ என்ற சொல்லே கிடையாது. வாடைக் காற்று வந்துவிட்டால் மட்டும் வடகடல் கொந்தளிக்கும், அந்த இரண்டு மூன்று மாதம் மிதவை நிற்காது.

விதை கட்டுவது கரையில் வேப்பமர நிழலில். சனி ஞாயிறு நானும் தங்கச்சியும் உட்கார்ந்து கட்டுவோம். பாசியை அம்மாவோ மற்றப் பெண்களோ ‘கப்பாபைகஸ்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெப்சி. “பெப்சி வெட்டியாச்சா?”, “இன்னைக்குப் பெப்சி காயலை, மூட்டம் போட்டிருச்சு”, “அவ பெப்சியை ஆடு தின்னுருச்சு”. இப்படித்தான் பேச்சு.

இதில் குழப்பமும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் பிளாஸ்டிக் குழாயில் அடைத்து ஒரு ரூபாய்க்கு விற்பார்களே சிவப்பு, ஆரஞ்சு ஐஸ், அதுவும் பெப்சிதான். ஒரு தடவை பேப்பரில் ‘பெப்சி வேலைநிறுத்தம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சினிமாத் தொழிலாளர் சம்மேளனம்! டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, “என்னா, நீங்க ஸ்டிரைக்காமே, எங்கிட்ட சொல்லவே இல்லை” என்று அம்மாவைக் கேட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வகுப்பில் எழுந்து நின்ற 2012-ல் பெப்சிகோ இந்தத் தொழிலிலேயே இல்லை. 2008-ல் விற்றுவிட்டு வெளியேறிவிட்டது. அங்கே ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அபிராம் சேத் என்பவர்தான் அதை வாங்கி அக்வாஅக்ரி என்ற பெயரில் நடத்தினார். எனக்கு அப்போது அது தெரியாது. பக்கத்தில் இருந்தவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “டேய், பெப்சிக்கும் பாசிக்கும் சம்பந்தமே இல்லையாம்டா” என்றான். அவன் தேடிய லட்சணம் அப்படி. ஆனால் யோசித்துப் பாருங்கள், பெயர் வைத்த கம்பெனி போய் இத்தனை வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. கோடிக்கணக்கில் கொட்டி விளம்பரம் செய்தாலும் இப்படி ஒட்டாது. இதற்கு அவர்கள் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை, எங்கள் பெண்களுக்கு லத்தீன் வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சூழலியல் நண்பர்கள் வருவார்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே. ஆமாம், அது அயல்நாட்டுப் பாசி. தென்கடலில் இருக்கும் குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் படர்ந்து கிடந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வனத்துறை ஆள் வைத்துப் பிய்த்து எடுத்தது. தென்கடலின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே அது போயிருக்கக் கூடாது. நான் பவளத்துக்கு எதிரி இல்லை. பவளம் செத்தால் மீன் போகும், மீன் போனால் நாங்கள்தான் முதலில் போவோம். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்து, ‘பேராசை பிடித்த மீனவர்கள்’ என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அதே தீவுகளில் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்த என் அம்மா, இந்த மிதவை வந்த பிறகுதான் தீவுப் பக்கம் போவதை நிறுத்தினார். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பெப்சி இல்லாவிட்டால் நான் மதுரைக்குப் படிக்கப் போயிருக்கவே முடியாது. 2001-ல் மொத்தமாக 21 டன் காய்ந்த பாசி எடுத்த தொழில் 2013-ல் 1,490 டன்னுக்குப் போனது. கிலோவுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லாத விலை 35 ரூபாய் ஆனது. என் ஹாஸ்டல் ஃபீஸ் அந்த 35-ல் கட்டியது. அதோடு விழுந்தது. தண்ணீர் சூடாகி, பாசி நுனி வெளுத்து, கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த நோய்க்குப் பெயர் ‘ஐஸ்-ஐஸ்’, பிலிப்பைன்ஸில் பாசி வளர்க்கிறவர்கள் வைத்தது. அம்மா 45 மிதவையில் 40-ஐ இழந்தார். கடைசி வருட ஃபீஸுக்குத் தங்கச்சியின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

மறுபடி மூங்கில் வாங்க ஒரு வங்கியில் கடன் கேட்டோம். எந்த வங்கி என்பது வேண்டாம். மேனேஜர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், காபி வந்தது. அப்புறம், “நிலத்துக்குப் பட்டா இருக்காம்மா?” என்றார். அம்மா, “கடல்ல போடுறது சார்” என்றார். “சரிம்மா, அந்த இடத்துக்குப் பட்டா?” என்றார். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அப்படியே கேட்டார். பாரத்தில் ‘சர்வே எண்’ என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். நான் பேனாவை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊர் ராமேஸ்வரம் பக்கம் என்றதும் ஒவ்வொருவரும் கேட்பது இதுதான்: “22 தீர்த்தமும் கூட்டமில்லாம ஆட ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்ச ஆள் இருக்கா? ரூம் போட்டுத் தர முடியுமா? வரும்போது நல்ல நெத்திலிக் கருவாடு?” பத்து வருடமாகக் கருவாடு சுமக்கிறேன். அத்தனை பேரும் கோயிலுக்குப் போகும் வழியில் மண்டபத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். இடது பக்கம் ஜன்னலில் கடல் தெரியும்போது செல்ஃபி எடுக்கிறார்கள். கரையோரம் இறங்கி அங்கே சதுரம் சதுரமாக மிதப்பது என்ன என்று ஒருவர்கூட வந்து என்னிடம் கேட்டதில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. அரசாங்கமே மானியம் தருகிறது. எங்கள் மாவட்டத்திலேயே வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள், 127 கோடி ரூபாய்க்கு மேல். புதிதாகப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. போன தடவை அம்மா போயிருந்தார். திரையில் படம் போட்டு ஒரு இளைஞர், “கப்பாபைகஸ் ஆல்வரெசி” என்று அரைமணி நேரம் விளக்கினாராம். பெண்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் வயதான ஒருவர் எழுந்து, “தம்பி, நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்குப் பெப்சிதான் தெரியும், அதுக்கு ஏதாவது மானியம் இருக்கா?” என்று கேட்டாராம்.

அந்தத் தம்பி சிரிக்கவில்லையாம். “அதுதாம்மா இது” என்றாராம்.