கிணற்றில் நைத்திரேற்று 14: குழிதான் காரணமா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 2 பரப்புக் காணி (ஏறக்குறைய 500 சதுர மீட்டர்), 4 பேர், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 12 மீட்டர், தண்ணீர் ஆய்வில் நைத்திரேற்று (நைதரசன் சேர்ந்த உப்பு) 14 என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த 14 நைத்திரேற்றாகவா, அதிலுள்ள நைதரசனாக மட்டுமா என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். நைத்திரேற்றாக என்றால் பயமில்லை, குடிதண்ணீருக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாக என்றால் 4.43 ஆல் பெருக்குங்கள்: 62. எல்லை தாண்டிவிட்டது.

குழியின் பங்கை மட்டாகக் கணக்கிடலாம். ஒருவரின் மலசலத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 4 கிலோ நைதரசன், 4 பேருக்கு 16. பாதி காற்றோடு போனாலும் 8 கிலோ கீழே இறங்கும். உங்கள் 500 சதுர மீட்டரில் 300 மில்லிமீட்டர் மழை நிலத்துள் போகிறதென்று வைத்தால் 150 கனமீட்டர் தண்ணீர். வகுத்தால் லீற்றருக்கு 53 மில்லிகிராம் நைதரசன்! அயல் தண்ணீர் கலப்பதால்தான் கிணற்றில் இவ்வளவு ஏறவில்லை. நம் சுண்ணக்கல்லில் வெடிப்பு வழியே விறுவிறென்று இறங்கும், 12 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

ஆனால் பக்கத்துத் தோட்டத்து யூரியா உரமும் இதே வேலையைச் செய்யும். தண்ணீரில் ஈ.கோலி (மலத்தில் இருந்து வரும் கிருமி) பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் குழியில் சந்தேகம் கூடும், இல்லாவிட்டால் குழி நிரபராதி என்றில்லை. மாரி முடிய ஒருமுறை, புரட்டாதியில் ஒருமுறை ஆய்வுக்குத் தண்ணீர் எடுங்கள்.

அப்புறம், கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, செறிவுதான் கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால்மா கரைக்க இந்தத் தண்ணீர் வேண்டாம்.